பழைய பென்ஸைப் பழகுவது எப்படி: சிங்கப்பூரில் படிப்படியாக ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் பழைய கார் மீது ஆசை வைப்பவர்களில் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் வண்டியை வாங்கிவிட்டு, பிறகுதான் அதைப் பற்றித் தெரிந்துகொள்கிறார்கள். மற்ற நாடுகளில் அப்படிச் செய்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஓடாவிட்டால் வீட்டுக் கொல்லையில் நிறுத்திவைத்து, கையில் காசு வரும்போது சரிசெய்துகொள்ளலாம். இங்கே நிறுத்திவைத்தாலும், கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழான சிஓஇ கரைந்துகொண்டே இருக்கும். ஒரு காரின் ஆயுளை அதன் என்ஜின் தீர்மானிப்பதற்கு முன்பே காகிதம் தீர்மானித்துவிடும் ஊர் இது. அதனால் கடைசியாக வாங்குங்கள், முதலில் பழகுங்கள். அப்படிப் பழகும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பிராண்டு மெர்சிடிஸ் பென்ஸ், அதிலும் 1980களிலும் 90களிலும் வந்த கார்கள். உங்களுக்கு வால்வோ பிடிக்கலாம், ஹோண்டா பிடிக்கலாம். பெயர்களை மாற்றிக்கொண்டால் இதிலுள்ள பெரும்பாலான படிகள் அவற்றுக்கும் பொருந்தும்.

ஏன் ஒரே பிராண்டு

ஒரு பிராண்டுக்குள்ளேயே இருந்தால் கற்றுக்கொண்டது வீண்போகாது. 1982 இறுதியில் வந்த 190 வரிசைக்குப் புதிதாக ஒரு பின்சக்கர சஸ்பென்ஷனை உருவாக்கினார்கள், ஒவ்வொரு பக்கமும் ஐந்து கைகள் கொண்டது. 1984 இறுதியில் வந்த 124 வரிசைக்கும் அதே அமைப்புதான். என்ஜின்களும் கியர்பாக்ஸ்களும்கூட இந்த இரண்டுக்கும் நடுவே நிறையப் பொதுவானவை. ஒன்றைப் பற்றிப் படித்தால் மற்றதும் பாதி புரிந்துவிடும்.

'பென்ஸ் காரில் வந்து இறங்கினார்' என்று நம் வீடுகளில் சொன்னாலே ஆள் யார் என்று விளங்கிவிடும். அந்த மவுசு ஒரு பக்கம் இருக்கட்டும். நான் இந்தத் தலைமுறையை மதிப்பதற்கு வேறு காரணம் உண்டு. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறார்கள், எதற்கு எது என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். 124இன் ஒற்றை வைப்பரைப் பாருங்கள். அது வெறும் அரைவட்டம் போடாது. மூலைகளை எட்டுவதற்காகத் தானே நீண்டு, திரும்பும்போது சுருங்கிக்கொள்ளும். கண்ணாடியில் 86 விழுக்காட்டை அது துடைக்கும் என்பது பென்ஸின் கணக்கு. நவம்பர் மழையில் விரைவுச்சாலையில் ஓட்டிப் பார்த்தால் அந்த உழைப்பின் அருமை தெரியும்.

முதல் படி: கண்

முதல் சில மாதங்களுக்கு ஒரு காசும் செலவழிக்க வேண்டாம். பார்த்துக்கொண்டே இருங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடி கார் நிறுத்துமிடங்கள், தேக்கா கார்பார்க், சின் மிங், காக்கி புக்கிட் பக்கத்து வொர்க்‌ஷாப் வரிசைகள், இங்கெல்லாம் பழைய பென்ஸ் கண்ணில் படும். தூரத்திலிருந்தே வயதைச் சொல்லப் பழகுங்கள்.

124இல் அடையாளங்கள் எளிது. கதவின் கீழ்ப்பாதியில் அகலமான பிளாஸ்டிக் பட்டை இருந்தால் அது 1989க்குப் பிந்திய முகமாற்றம். வடிவமைப்புத் தலைவர் புருனோ சாக்கோவின் பெயரால் அதை 'சாக்கோ பேனல்' என்பார்கள். பானெட்டுக்குள்ளேயே பதிந்த கிரில்லும் ஆரஞ்சு நிறம் இல்லாத முன் இண்டிகேட்டரும் இருந்தால் 1993க்குப் பிந்தியது. அந்த ஆண்டிலிருந்துதான் எழுத்து முன்னால் வந்தது. அதற்கு முன் 200இ, 300இ. அதற்குப் பிறகு இ200, இ320. ஆனால் பின்னால் இருக்கும் எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம், அதை யாரும் வாங்கி ஒட்டலாம். சேசிஸ் எண்ணில் 'டபிள்யூடிபி' என்பதற்கு அடுத்த மூன்று இலக்கங்கள்தான் உண்மை பேசும். அங்கே 124 என்றோ 201 என்றோ இருக்கும். 201 என்றால் 190 வரிசை.

இரண்டாம் படி: ஆட்கள்

பழைய கார் வைத்திருப்பவர் அதைப் பற்றிக் கேட்டால் பேசாமல் இருக்கமாட்டார். "அண்ணே, இது ஒன் ட்வென்டி ஃபோர்தானே? எந்த வருஷம்?" என்று கேட்டுப் பாருங்கள். வண்டி கழுவிக்கொண்டிருப்பவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்துவிடுவார். யாரிடம் வேலை கொடுக்கிறார், கடைசியாக எதற்குச் செலவானது, எந்தப் பாகம் கிடைக்காமல் காத்திருக்கிறார் என்ற மூன்றையும் கேளுங்கள். விலையைக் கேட்க அவசரப்பட வேண்டாம்.

இதைவிட முக்கியம் மெக்கானிக். காரைத் தேடும் முன் அவரைத் தேடுங்கள். கம்ப்யூட்டரைச் செருகிக் குறையைப் படிக்கப் பழகியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் 1990ஆம் ஆண்டு 200இ-யில் இருக்கும் போஷ் கேஇ-ஜெட்ரானிக் பெட்ரோல் அமைப்பைக் காதால் கேட்டு, அழுத்தத்தை அளந்து சரிசெய்பவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். சனிக்கிழமை காலையில் போனால் அவருக்குப் பேச நேரம் இருக்காது. வாரநாள் பிற்பகலில், காப்பி வாங்கிக்கொண்டு போங்கள். "அங்கிள், நான் இன்னும் கார் வாங்கல. வாங்குறதுக்கு முன்னாடி கத்துக்கணும்" என்று உள்ளதைச் சொன்னால் போதும். தூக்கி நிறுத்திய காரின் அடியில் நின்று பார்க்க அனுமதி கிடைத்தால் அது பெரிய பாடம். வீவக கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் பழுதுபார்க்கக் கூடாது என்பதால், நம்மில் பலருக்கு இதுதான் பள்ளிக்கூடம்.

மூன்றாம் படி: காகிதம்

இந்தப் படியில் நிதானம் வேண்டும். உணர்ச்சிவசப்பட்டு வாங்குபவர்கள் சிக்குவது இங்கேதான்.

வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990இல் தொடங்கியது. ஏலத்தில் விலை போகும் ஒரு சிஓஇ 10 ஆண்டு செல்லும். அது முடியும்போது, கடந்த மூன்று மாத ஏலத்தின் சராசரி விலையைக் கட்டி இன்னும் 10 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம், அல்லது அதில் பாதியைக் கட்டி 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பணம் மட்டுமல்ல. 10 ஆண்டுக்குப் புதுப்பித்த காரை மறுபடியும் புதுப்பிக்கலாம். 5 ஆண்டுக்குப் புதுப்பித்த கார் அந்த 5 ஆண்டு முடிந்ததும் சாலையை விட்டுப் போயே ஆக வேண்டும், மறுபடி புதுப்பிக்க வழியே இல்லை. விளம்பரத்தில் 'சிஓஇ 4 ஆண்டு பாக்கி' என்று போட்டிருந்தால் அது எந்த வகை என்று முதலில் கேளுங்கள். ஆசையோடு பராமரிக்கப்போகும் வண்டி என்றால் 5 ஆண்டு வகையைத் தொடாதீர்கள். நீங்கள் எவ்வளவு செலவழித்துப் புதிதாக்கினாலும் அதற்கு முடிவு நாள் குறித்தாகிவிட்டது.

ஏல விலை எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு 2 வெள்ளிக்கு விழுந்தது. 2023 அக்டோபரில் அதே ஏ பிரிவு 106,000 வெள்ளி, பி பிரிவு 150,001 வெள்ளி. 1600 சிசிக்கு மேல் போனால் பி பிரிவு. அதாவது 190இ 1.8, 200இ, சி180 என்று நாம் ஆசைப்படும் அந்தக் காலத்து பென்ஸ்களில் ஏறக்குறைய எல்லாமே பி பிரிவுதான்.

இனி விலை. சிஓஇ புதுப்பித்த காருக்கு, பதிவுநீக்கும்போது பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் பார்ஃப் கழிவு கிடையாது, புதுப்பித்தபோதே அது போய்விட்டது. அதனால் கணக்கு நேரானது: கேட்கும் விலையை மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுத் தேய்மானம். 60,000 வெள்ளி, 5 ஆண்டு பாக்கி என்றால் ஆண்டுக்கு 12,000. இதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். இன்னொரு கணக்கும் போட வேண்டும். சிஓஇ முடிவதற்குள் காரைப் பதிவுநீக்கம் செய்தால், மீதமுள்ள மாதங்களுக்கான சிஓஇ பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அது அந்த சிஓஇ-க்கு அன்று கட்டிய விலையின்படிதான் கிடைக்கும், இன்றைய விலையின்படி அல்ல. ஓர் உதாரணம் சொல்கிறேன். முந்தைய உரிமையாளர் 30,000 வெள்ளி கட்டி 10 ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறார், 5 ஆண்டு பாக்கி, உங்களிடம் 45,000 கேட்கிறார். நாளையே கியர்பாக்ஸ் போய்க் காரைக் கைவிட நேர்ந்தால் சிஓஇ-யில் உங்களுக்குத் திரும்புவது 15,000. மீதி 30,000 காற்றில் போகும். இதே 45,000க்கு, அதிக விலையில் புதுப்பித்த வேறொரு கார் கிடைத்தால் உங்கள் ஆபத்து குறைவு. என்ன விலைக்குப் புதுப்பித்தது, எத்தனை கை மாறியது, முதல் பதிவு எப்போது என்பதெல்லாம் காரின் பதிவு விவரத் தாளான லாக் கார்டில் இருக்கும். அதைக் காட்டாதவரிடம் பேச்சே வேண்டாம்.

சாலை வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 10 ஆண்டைத் தாண்டினால் 10 விழுக்காடு கூடுதல், பிறகு ஆண்டுக்கு 10 ஏறி, 14 ஆண்டைத் தாண்டினால் 50 விழுக்காட்டில் நிற்கும். 2 லிட்டர் காருக்கு ஆண்டு வரி சுமார் 1,200 வெள்ளி, கூடுதலோடு 1,800 ஆகும். இ320 என்றால் சுமார் 2,700 என்பது 4,000 ஆகிவிடும். பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை. காப்புறுதியை முன்பணம் கொடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். வயதான காருக்கு முழுக் காப்புறுதி தரத் தயங்கும் நிறுவனங்கள் உண்டு.

வெளிநாட்டிலிருந்து நல்ல பழைய பென்ஸ் ஒன்றை இறக்கலாமே என்று தோன்றும். மூன்று வயதுக்கு மேற்பட்ட காரை இங்கே சாதாரணப் பதிவுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் நாம் தேடும் 124 எல்லாமே அந்தக் காலத்திலேயே இங்கு வந்து, யாரோ ஒருவர் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக் காப்பாற்றிய வண்டிகள். இருப்பதில்தான் தேட வேண்டும்.

நான்காம் படி: பார்க்கப் போகும் நாள்

விற்பவரிடம் ஒன்றே ஒன்று முன்கூட்டிச் சொல்லுங்கள்: "நான் வரும்வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." சூடான என்ஜின் பல குறைகளை மறைத்துவிடும்.

போனதும் பானெட்டைத் திறந்து மேலே கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். அப்புறம் ஒயரிங். 1993 முதல் 1995 வரை வந்த பென்ஸ்களில் என்ஜின் ஒயர்களின் மேலுறை, சூட்டில் காய்ந்து நொறுங்கும் வகை. என்ஜினுக்குப் பக்கத்தில் கறுப்புக் குழாய்க்குள் போகும் ஒயர் ஒன்றை, உறை முடியும் இடத்தில், விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். மேலுறை வெடித்துப் பொடியாக உதிர்ந்து உள்ளே செம்பு தெரிந்தால் முழு ஒயரிங்கும் மாற்ற வேண்டும். ஏற்கெனவே மாற்றியிருந்தால் அதன் மேல் தயாரிப்புத் தேதியோடு ஒரு சீட்டு இருக்கும், 90களின் பிற்பகுதித் தேதியோ அதற்குப் பிந்தியதோ தெரிந்தால் நிம்மதி. ஆறு சிலிண்டர் எம்104 என்ஜின் என்றால் என்ஜின் தலையின் (சிலிண்டர் ஹெட்) பின்மூலையில் டார்ச் அடியுங்கள். ஹெட் கேஸ்கெட் அங்கேதான் எண்ணெய் கசியும். லேசான ஈரம் விலை பேச உதவும். வழிந்து ஓடினால், அந்தத் தலையைக் கழற்றிச் செய்யும் டாப் ஓவர்ஹால் செலவைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள். ஏர்கானை முழுக் குளிருக்குப் போட்டுவிட்டு, நிறுத்திய இடத்திலேயே கால்மணி நேரம் ஓட விடுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு 124க்கு இதுதான் உண்மையான தேர்வு. ஏர்கானின் கூலிங் காயில் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. அது ஓட்டையானால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். காயிலின் விலையைவிடக் கூலி அதிகம். கழற்றி மாட்டும்போது முப்பது வயதுப் பிளாஸ்டிக் சிலது உடைவதும் உண்டு. "கேஸ் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, டாப்அப் பண்ணா சரியாயிடும்" என்று விற்பவர் சொன்னால், டாப்அப் செய்துவிட்டு இரண்டு வாரம் கழித்துக் காட்டச் சொல்லுங்கள். கேஸ் தானாகக் குறையாது.

அந்தக் கால்மணி நேரத்தில் வெப்பமானி முள்ளைப் பார்த்துக்கொண்டிருங்கள். 80ஐத் தாண்டி 100ஐ நெருங்கி, துணை ஃபேன் ஓடியதும் இறங்கினால் சரி. இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் ஃபேன் கிளட்ச், ரேடியேட்டர் என்று தேட வேண்டியிருக்கும்.

ஓட்டும்போது ஒரு விஷயத்துக்குப் பயப்படாதீர்கள். அந்தக் கால நான்கு கியர் ஆட்டோமேட்டிக், மெதுவாக மிதித்தால் இரண்டாம் கியரில்தான் கிளம்பும். வண்டிக்கு இழுவை இல்லையோ என்று புதியவர்களுக்குத் தோன்றும். அது அதன் இயல்பு. கவனிக்க வேண்டியது வேறு: கியர் மாறும் இடத்தில் ஒரு கணம் பிடிப்பே இல்லாமல் என்ஜின் மட்டும் உறுமினால் உள்ளே தேய்ந்திருக்கிறது. ரிவர்ஸ் போட்டதும் ஓங்கித் தட்டினால் என்ஜின் மவுன்டிங்கையும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் வட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இவை மலிவான வேலைகள்தான்.

ஓடோமீட்டரை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரம் உடைந்து, எண் அப்படியே நின்றுபோவது இந்தக் கார்களில் சகஜம். பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானம், ஓட்டுநர் இருக்கையின் ஓரம், பழைய ரசீதுகள், இவை மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

துரு நம் ஊரில் குறைவுதான், பனிக்காலத்தில் சாலையில் உப்பு போடும் நாடல்லவே இது. ஆனால் மழை இருக்கிறதே! டிக்கியில் கம்பளத்தைத் தூக்கி ஸ்பேர் சக்கரக் குழிக்குள் கை விடுங்கள். பின்விளக்கின் ரப்பர் காய்ந்தால் தண்ணீர் அங்கே போய்த் தேங்கும். ஜாக் வைக்கும் இடத்துப் பிளாஸ்டிக் மூடிகளையும் கழற்றிப் பாருங்கள்.

கடைசியாக, விகாம், எஸ்டிஏ போன்ற வாகனப் பரிசோதனை மையங்களில் பழைய காரை வாங்கும் முன் மதிப்பிட்டுத் தருவார்கள். அந்த அறிக்கையோடு உங்கள் மெக்கானிக்கிடமும் ஒரு நடை காட்டிவிடுங்கள். இதற்கு மறுக்கும் விற்பனையாளரிடமிருந்து கிளம்பிவிடலாம். இன்னொன்று, 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த குறைபாட்டுப் பொருள் சட்டம், அதாவது லெமன் சட்டம், கடையில் வாங்கும் பழைய காருக்கும் பொருந்தும். தனியாரிடம் நேரடியாக வாங்கினால் பொருந்தாது. ஆனாலும் நன்றாக வைத்திருக்கும் உரிமையாளரிடம் நேரே வாங்குவதையே நான் விரும்புவேன். ரசீதுக் கட்டோடு தருபவர் அவர்தான்.

ஐந்தாம் படி: முதல் ஆண்டு

வாங்கியதும் பெரிய சக்கரம், சத்தமான சைலன்சர் என்று ஓடாதீர்கள். முதலில் எல்லாத் திரவங்களையும் மாற்றுங்கள்: என்ஜின் எண்ணெய், கியர்பாக்ஸ் எண்ணெயும் அதன் ஃபில்டரும், பிரேக் எண்ணெய், கூலன்ட். அடுத்து ரப்பர்கள், அதாவது குழாய்கள், பெல்ட், மவுன்டிங், சஸ்பென்ஷன் புஷ்கள். பின்பக்க ஐந்து கைகளின் புஷ்களும் நல்ல நிலைக்கு வந்த பிறகு ஒருமுறை ஓட்டுங்கள். பென்ஸ் சாலையில் மிதக்காமல் உட்கார்ந்து போகும் என்று பழையவர்கள் சொல்வது அப்போதுதான் விளங்கும். என் கருத்தில், ஒருவர் ரசிகராக மாறும் இடம் அதுதான்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, பாகத்தின் எண், செலவு. அடுத்த ஆண்டு உங்களுக்கே உதவும், விற்கும்போது விலைக்கும் உதவும். நிறுத்துவதற்குப் பலமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தைத் தவிர்த்துக் கீழ்த்தளங்களில் இடம் பாருங்கள். வெயில் பட்டால் டேஷ்போர்டில் இருக்கும் மர அலங்காரப் பட்டை வெடிக்கும், கூரைத் துணியின் பசை விட்டுத் தொங்கும்.

ஆறாம் படி: உதிரிபாகம்

பென்ஸ் பாகத்தின் எண் 'ஏ' என்று தொடங்கும். அடுத்த மூன்று இலக்கங்கள், அந்தப் பாகம் முதலில் எந்த வரிசைக்காகவோ என்ஜினுக்காகவோ செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். 201 என்று தொடங்கும் பாகம் 124இலும் இருக்கலாம். எண்ணைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் உங்களோடு பேசும் விதமே மாறும். நட்சத்திரம் பொறித்த பெட்டியில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. சஸ்பென்ஷனுக்கு லெம்ஃபோர்டர், கேஸ்கெட்டுக்கு எல்ரிங், ரேடியேட்டருக்கு பெஹர், ஃபில்டருக்கு மான் என்று, பென்ஸுக்கே செய்து கொடுத்த நிறுவனங்களின் சொந்தப் பெட்டியில் விலை குறையும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஜோகூர் பாரு பக்கம் போனால் பழைய பாகக் கடைகள் நல்ல வேட்டைக்களம். அங்கே சிஓஇ இல்லாததால் 124கள் இன்னும் நிறைய ஓடுகின்றன, அதனால் கழற்றிய பாகங்களும் கிடைக்கின்றன. உடையும் பாகங்களான கதவுக் கைப்பிடி, கண்ணாடிப் பொத்தான், மர அலங்காரப் பட்டை, விளக்குகளை அங்கே தேடலாம். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்க வேண்டாம். உங்கள் காரிலேயே போவதானால் பெட்ரோல் தொட்டி முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதி நினைவிருக்கட்டும். கடற்பாலத்தின் வெள்ளிக்கிழமை நெரிசலில் குளிரூட்டும் அமைப்பு சரியில்லாத காரைக் கொண்டுபோய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஏழாம் படி: சிஓஇ முடியும்போது

முடிவதற்கு ஓராண்டு முன்பே யோசிக்கத் தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏல முடிவைப் பார்த்துவந்தால் மூன்று மாதச் சராசரி எந்தப் பக்கம் நகர்கிறது என்று புரியும், இறங்கும் சமயத்தில் புதுப்பித்துவிடலாம். முன்கூட்டிப் புதுப்பித்தால் பழைய சிஓஇ-யில் எஞ்சிய காலத்தை இழக்க நேரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கார் 35 வயதைத் தொட்டிருந்தால் பழம்பெரும் வாகனத் திட்டம் என்ற வழியும் இருக்கிறது. வரி மிகக் குறைவு, ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். 190களிலும் ஆரம்பக்கால 124களிலும் பல அந்த வயதை எட்டிவிட்டன. வேலைக்குப் போக வேறு வழி இருப்பவர்களுக்கு இது மிகப் பொருத்தம் என்று நினைக்கிறேன். தினமும் ஓட்டுபவர்களுக்குச் சரிப்படாது.

இரண்டும் முடியாது என்றால் பதிவுநீக்கம்தான். பதிவுநீக்கிய ஒரு மாதத்துக்குள் காரை அப்புறப்படுத்திய சான்றைக் காட்ட வேண்டும். அடுத்த பென்ஸுக்கு உதவக்கூடிய பாகங்கள் அதில் இருந்தால், பழைய காரை எடுத்து உடைக்கும் யார்டுக்காரரிடம் விலை பேசும்போதே எதையெல்லாம் கழற்றிக்கொள்ளப் போகிறீர்கள் என்று சொல்லி, அதைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி உள்ளே போன பிறகு கேட்டால் கிடைக்காது.